கமலா ஏறாத பஸ்

சிங்கப்பூரில் முத்தையா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாம் நாள், சாப்பாட்டு மேசைமேல் நீலக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதன் அட்டையில் ‘இமாச்சல், ஜனவரி, பஸ்’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இமாச்சல் என்ற சொல் கமலாவை ஒன்றும் செய்யவில்லை. ஜனவரியும் பரவாயில்லை. மூன்றாவது சொல்லைப் படித்ததும்தான் அவள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

“பதினோரு நாள்,” என்றார் முத்தையா. “டெல்லியில இறங்குறோம். அங்கேருந்து சிம்லா, ராம்பூர், கல்பா. திரும்பி வந்து மண்டி, மணாலி. எல்லாமே பஸ். கார் கிடையாது, டாக்சி கிடையாது. பனி கொட்டுற சீசனாப் பாத்துப் போறோம். நீயும் நானும் முன்சீட்டுல பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கிட்டு.”

“ஏங்க, கொரியா போலாமே. அங்கேயும் பனி கொட்டுது. நல்ல ட்ரெயின் இருக்கு.”

“ட்ரெயின்ல யாரு வேணும்னாலும் போவாங்க கமலா. இது உனக்காகப் போடுற பிளான்லா. முப்பத்தோரு வருஷம் எனக்காக நீ ஒரு பஸ்ஸுல கால் வைக்கலை. உன் வேண்டுதல் இப்பத்தானே முடிஞ்சுது.”

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கமலாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் துடைத்ததற்குக் காரணம் வேறு.

இங்கே கதையைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோகாமல் முடியாது. கமலாவுக்கு பஸ் ஆகாது. ரயில் ஆகும், விமானம் ஆகும், செந்தோசா தீவுக்குப் போகும் கேபிள் கார்கூட ஆகும். பஸ்ஸில் ஏறி நாலு ஸ்டாப் தாண்டினால் போதும், அன்று காலையில் சாப்பிட்டது, முந்தின நாள் சாப்பிட்டது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். தொடக்கப்பள்ளியில் பறவைப் பூங்காவுக்குச் சுற்றுலா போன நாளில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசிரியையின் கைப்பைக்குள் அவள் வாந்தி எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் முடியும்வரை ‘வாந்தி கமலா’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அப்படிப்பட்டவளுக்கு, தலையெழுத்தைப் பாருங்கள், பஸ் ஓட்டுகிற மாப்பிள்ளை அமைந்தார்.

கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முத்தையா அப்போதுதான் பயிற்சி முடித்துத் தனியாக ஒரு ரூட் ஓட்டத் தொடங்கியிருந்தார். “நாளைக்கு என் பஸ்ல வா கமலா. முதல் ஸ்டாப்புல ஏறி கடைசி ஸ்டாப்புலதான் இறங்கணும்,” என்றார். அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்துவிட்டு, உங்கள் பஸ்ஸில் ஏறினால் எனக்கு வாந்தி வரும் என்று எந்தப் புதுப் பெண்டாட்டியால் சொல்ல முடியும்? வாய் தானாகத் திறந்துகொண்டது. “சைனாடவுன் மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டிருக்கேங்க. நீங்க இந்த வேலையில இருக்கிறவரைக்கும் உங்களுக்கு ஒரு ஆபத்தும் வரக்கூடாது. அதுக்காக நான் உங்க பஸ்ல ஏறமாட்டேன்னு.” ஒரு நொடி யோசித்து, “எந்த பஸ்லயுமே,” என்றும் சேர்த்துக்கொண்டாள். அந்தக் கடைசி நொடியில் அவளுடைய மூளை வேலை செய்த மாதிரி அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

பொய் சொல்கிறவர்கள் ஒரு வாரம் தாங்குகிற மாதிரி ஒன்றைச் சொல்வார்கள். கமலா சொன்னது முப்பத்தோரு வருடம் ஓடியது. ஏனென்றால், முத்தையா ஒரு விபத்துகூடச் செய்யவில்லை. கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது, பக்கவாட்டில் ஒரு உரசல் கிடையாது. வருடா வருடம் பாதுகாப்பான ஓட்டுநர் என்று பதக்கம் கொடுத்தார்கள். வருடா வருடம் அதைக் கொண்டுவந்து கமலாவின் கையில் வைத்தார்.

ஒருமுறை அவள் உண்மையைச் சொல்லத்தான் பார்த்தாள். தோ பாயோ வட்டாரத்தில் ஒரு சின்னப் பெண் உருண்டோடிய தண்ணீர் பாட்டிலைப் பிடிக்கச் சாலையில் பாய்ந்துவிட்டாள். முத்தையாவின் பஸ் ஒரு கை நீளம் தள்ளி நின்றது. அன்று முத்தையா வீட்டுக்கு வந்து, சீருடையைக்கூடக் கழற்றாமல் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதார். “நான் நிறுத்தலை கமலா. உன் வேண்டுதல்தான் நிறுத்துச்சு,” என்றார். அடுத்த நாள் விடியற்காலையில் மனிதர் மறுபடியும் அதே பஸ்ஸில் உட்கார வேண்டும். பிடித்துக்கொண்டிருக்கிற ஒன்றையும் பிடுங்கிவிட்டு எப்படி அனுப்புவது? கமலா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அவர் அதோடு விட்டாரா? டிப்போ முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். ஓய்வு பெற்ற அன்று நடந்த விருந்தில் அவளை மேடையேற்றி, “பஸ் ஓட்டுனது நான் இல்லைங்க, இவங்க,” என்று மைக்கில் சொன்னார். இருநூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். கமலா கையிலிருந்த கேக்கைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஆக, அவளுக்கு இரண்டே வழிதான். ஒன்று, பதினோரு நாள் மலைப்பாதையில் பஸ்ஸில் போய் குட்டு உடைந்து போவது. இன்னொன்று, பயணமே நடக்காமல் பார்த்துக்கொள்வது. இயல்பாகவே இரண்டாவது வழியைத்தான் முதலில் பிடித்தாள்.

டன்லப் ஸ்ட்ரீட்டில் பயண முகவர் நிலையம் வைத்திருக்கும் ஸைஃபை முத்தையா போய்ப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவள் போய்ப் பார்த்துவிட்டாள். “தம்பி, எப்படியாவது பஸ் இல்லைன்னு சொல்லிருங்க,” என்று கெஞ்சினாள். ஸைஃப் நல்ல பிள்ளை. முத்தையாவும் அவளும் சேர்ந்து போனபோது முயற்சி செய்யத்தான் செய்தார்.

“அண்ணே, ஜனவரியில அந்தப் பக்கம் பஸ் ரொம்பக் கஷ்டம். ஒரு இன்னோவா பிடிச்சுத் தர்றேன். ஹீட்டர், டிரைவர் எல்லாம் சேத்து.”

“கார்ல போறதுக்கு நான் எதுக்கு? பஸ் ஓடுதா ஓடலையா?”

“ஓடும் அண்ணே. ஸ்நோ விழுந்தா நிக்கும்.”

“ராம்பூர்லேருந்து கல்பாவுக்கு எத்தனை நிமிஷத்துக்கு ஒரு பஸ்?”

ஸைஃப் கமலாவைப் பார்த்தார். கமலா கூரையில் சுழன்ற விசிறியைப் பார்த்தாள். “வரும்போது வரும் அண்ணே,” என்றார் ஸைஃப்.

“அதெப்படி? டைம்டேபிள்னு ஒண்ணு இருக்கும்ல?”

“இருக்கும். ஆனா பஸ்ஸுக்கு அது தெரியாது.”

முத்தையா கோப்பைத் திறந்து அதில் எழுதினார்: ‘ராம்பூர், ஆய்வு தேவை.’ அந்தப் பதில் அவரைச் சோர்வடைய வைக்கவில்லை. பெரிய உற்சாகத்தைக் கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டுத் தொலைக்காட்சியில் நாடகம் கிடையாது, செய்தி கிடையாது. ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பாதாளமுமாக இருக்கும் பாதையில், பாதி டயர் காற்றில் தொங்கப் போகிற பஸ்களின் வீடியோக்கள்தான். “பாரு, பாரு, எப்படி ஒடிக்கிறான் பாரு! இவன்லாம் டிரைவர்!” என்று முத்தையா சோபாவிலிருந்து துள்ளுவார். கமலா கண்ணை மூடிக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடுவாள். மூடிய கண்ணுக்குள்ளும் அந்தப் பாதை வளைந்தது.

குளிர்ச் சட்டைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சிங்கப்பூரில் யாரும் அதைச் சொந்தமாக வாங்குவதில்லை. ஒருவர் வாங்கினால் உறவு முழுக்க அதைப் போட்டுக்கொண்டு உலகத்தைச் சுற்றிவிட்டு வரும். மகள் நிரஞ்சனா தன் பாசிர் ரிஸ் வீட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்புச் சட்டை ஏற்கெனவே நாலு பேரோடு ஜப்பானின் ஹொக்கைடோவுக்குப் போய் வந்தது. முத்தையா குளிர்சாதனத்தைப் பதினாறில் வைத்து, அதைப் போட்டுக்கொண்டு கையுறையோடு தோசை சாப்பிட்டுப் பழகினார். டயருக்குப் பனிச் சங்கிலி கட்டுவது எப்படி என்று பார்த்துவிட்டு, மார்க்கெட் தள்ளுவண்டியின் சக்கரத்தில் கட்டியும் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த வண்டி உருளவே இல்லை.

“அம்மா, அப்பா எவ்ளோ ஹேப்பியா இருக்கார் பாத்தீங்களா? ஐ ஹேவ் நெவர் சீன் ஹிம் லைக் திஸ்,” என்றாள் நிரஞ்சனா.

கமலாவும் பார்த்தாள். அதுதான் பிரச்சினை. இந்த மனிதர் இவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது பயணத்தைக் கெடுத்தால் அந்தப் பாவம் வேறு வந்து சேரும். வேறு வழியில்லை, முதல் வழியிலேயே இறங்குவது என்று முடிவு செய்தாள். ஐம்பத்தேழு வயதில் பஸ்ஸில் ஏறக் கற்றுக்கொள்வது என்று.

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு பல் மருத்துவ நிலையத்தில் அவள் வரவேற்பு மேசையில் பாதி நாள் வேலை பார்த்தாள். உண்மை தெரிந்த ஒரே ஆள் அங்கே கூட வேலை பார்க்கும் ஆமினா பீவி. மலைப்பாதை, வாந்தி என்றதும் ஆமினா பீவி கையை உதறிக்கொண்டு களத்தில் இறங்கிவிட்டார்.

“ஒண்ணும் பயப்படாதே. அரைமணி நேரத்துக்கு முன்னாடி மாத்திரை. வாயில புளிப்பு பிளம். கைக்குட்டையில தைலம். அப்புறம் தொப்புள்ல ஒரு பிளாஸ்டர்.”

“எந்த பிளாஸ்டர்க்கா?”

“முதுகுவலிக்கு ஒட்டுவாங்களே, அது. தொப்புளை அடைச்சுட்டா வயித்துக்கு பஸ்ல இருக்கோம்னே தெரியாது.”

இது எந்த மருத்துவ நூலில் இருக்கிறது என்று கமலா கேட்கவில்லை. நோயாளி அந்த நிலையில் கேட்கவும் மாட்டாள். மதியம் வேலை முடிந்ததும் ரயிலுக்குப் போகாமல், புக்கித் தீமா வழியாக உட்லண்ட்ஸ் போகும் பஸ்ஸில் ஏறினாள். முதல் நாள் மூன்று ஸ்டாப்பில் இறங்கி ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் நாள் ஐந்து. ஒரு வாரத்துக்குப் பிறகு, தாவரவியல் பூங்கா வரைக்கும் தாக்குப்பிடித்தாள். அங்கே இறங்கி வாந்தி எடுத்ததை ஒரு குரங்கு பார்த்ததாக ஆமினா பீவியிடம் சொன்னாள். அங்கே குரங்கே கிடையாதே என்று அவர் சொன்னபோதுதான், பார்த்தது ஒரு சீனத் தாத்தா என்று தெரிந்தது.

மூன்றாவது வாரம் வினை வந்தது. தேக்கா ஸ்டாப்பில் கதவு திறந்ததும், ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் அவளைப் பார்த்து அதிர்ந்து போனார். “அண்ணி! நீங்களா?”

சுஜீந்திரன், முத்தையாவிடம் பயிற்சி பெற்றவர். கமலா சுதாரித்துக்கொண்டாள். “அவர்தான் ரிட்டையர் ஆயிட்டாரே தம்பி. வேண்டுதல் முடிஞ்சுது. அவர்கிட்ட சொல்லிராதீங்க, சர்ப்ரைஸா இருக்கட்டும்.”

“சொல்லவே மாட்டேன் அண்ணி. உங்களை ஏத்திக்கிட்டுப் போறதே எனக்குப் பெரிய பாக்கியம். என் வைஃப் தனுஷிகாவும் கல்யாணம் ஆனதுலேருந்து பஸ்ல ஏறுறதில்லை, தெரியுமா? உங்களைப் பாத்துத்தான். மாசமா இருந்தப்பகூட எம்ஆர்டி ட்ரெயினுக்கு இருபது நிமிஷம் நடந்தே போவா. டிப்போவுல இன்னும் ரெண்டு பேரு வீட்டுலயும் அப்படித்தான்.”

வாயிலிருந்த பிளம் கொட்டையைக் கமலா அப்படியே விழுங்கிவிட்டாள். சுஜீந்திரன் அன்று பஸ்ஸை ஓட்டவில்லை, தேர் இழுப்பதுபோல் நகர்த்தினார். பின்னாலிருந்து இரண்டு பேர் சீன மொழியில் திட்டினார்கள். கமலா முன்னிருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு, இருபது நிமிடம் நடந்த அந்தப் பிள்ளைத்தாய்ச்சியையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உட்லண்ட்ஸ் வந்து இறங்கிய பிறகுதான் கவனித்தாள், வாந்தி வரவில்லை. தான் செய்த பாவத்தை நினைத்தால் வயிறு அடங்கும் என்பதை ஆமினா பீவிகூடக் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

நவம்பரில் முத்தையா ஒத்திகை ஒன்று வைத்தார். “மலை ரோடு எப்படி இருக்கும்னு ஒரு டேஸ்ட் பாக்கணும்ல? மலேசியாவுல கேமரன் மலை போயிட்டு வருவோம். தாப்பாவுலேருந்து மேல ஏற்றம். அம்பது அறுபது கிலோமீட்டர், எல்லாம் வளைவு.”

காலை ஏழு மணிக்கு பீச் ரோட்டில் பஸ் புறப்பட்டது. முத்தையா சொன்னபடியே முதல் வரிசை. நெடுஞ்சாலை வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை, அவரைத் தவிர. ஓட்டுநர் பிரேக் போடும்போதெல்லாம் அவருடைய வலது காலும் தரையை மிதித்தது. “கொஞ்சம் லேட்டாப் பிடிக்கிறாரு,” என்று கமலாவின் காதில் சொன்னார். “ஆனா கை நல்ல கை,” என்றும் சொன்னார்.

தாப்பாவுக்கு முன்னால் பஸ் நின்ற இடத்தில் கமலா கழிவறைக்குள் போய் ஒரு அறுவைசிகிச்சை நிபுணர் மாதிரி வேலை பார்த்தாள். மாத்திரை உள்ளே போனது. பிளாஸ்டர் தொப்புளில் ஏறியது. பிளம் கன்னத்தில் அடங்கியது. கைப்பையில் முக்கோணமாக மடித்த கெட்டிப் பிளாஸ்டிக் பைகள் ஆறு இருந்தன. வெளியே வந்து, மாரியம்மனை இந்த முறை உண்மையாகவே கும்பிட்டுவிட்டு ஏறினாள்.

மலை தொடங்கியது. முத்தையா கோப்பைத் தொடையில் விரித்து வைத்துக்கொண்டு வளைவுகளைக் குறிக்க ஆரம்பித்தார். வலது, இடது, இடது, கூர்மை, எதிரே லாரி. குனிந்து எழுதுவார், நிமிர்ந்து பார்ப்பார், மறுபடி குனிவார். கமலா தூரத்து மலை உச்சியையே பார்த்துக்கொண்டு, ஆமினா பீவி சொல்லிக்கொடுத்தபடி மூக்கால் மூச்சை இழுத்து வாயால் விட்டாள். பத்து வளைவு போனது. இருபது போனது. வயிறு அசையவில்லை. வெளியே மூங்கில் காடு பச்சையாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது, குளிர்ந்த காற்று கண்ணாடியில் படிந்தது. அட, நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் மேலே போகலாம் என்றுகூடத் தோன்றியது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பஸ்ஸில் உட்கார்ந்து அவள் வேடிக்கை பார்த்தாள்.

பக்கத்தில் பேனா கீழே விழுந்தது.

முத்தையாவின் முகம் வெளுத்து, அதில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. “ஒண்ணுமில்லை,” என்றார். “சாப்பாடு ஒத்துக்கலை போல.” அடுத்த வளைவில் அவர் கன்னம் உப்பியது. கமலா பையை உதறி அவர் வாயருகே பிடித்த வேகத்தை ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து அசந்துபோனார். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டிய மனிதர், தன் கையில் ஸ்டீரிங் இல்லாமல் ஒரு மலை ஏறியது இதுதான் முதல்முறை. ஒன்று, இரண்டு, மூன்று பைகள் நிறைந்தன. அவர் நெற்றியில் தைலம் தேய்த்தாள், வாயில் பிளம் வைத்தாள், சட்டையைத் தூக்கித் தொப்புளில் இன்னொரு பிளாஸ்டரை ஒட்டினாள். அவர் ஒரு குழந்தை மாதிரி காட்டிக்கொண்டு இருந்தார்.

வழியில் ஒரு அருவியருகே பத்து நிமிடம் பஸ்ஸை நிறுத்தினார்கள். கமலா அவரை மெதுவாக இறக்கி, கடைகளுக்குப் பக்கத்தில் இருந்த கல்மேடையில் உட்கார வைத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

“இது வாந்தி இல்லை கமலா.”

“வேற என்னங்க?”

“எச்சரிக்கை. முப்பத்தோரு வருஷம் நீ ஏறலை, எனக்கு ஒண்ணும் ஆகலை. இன்னிக்கு ஏறினே, என்ன ஆச்சு பாத்தியா? நான் வேற வேண்டுதல் முடிஞ்சுதுன்னு உன்னை இழுத்துக்கிட்டு வந்தேன். இமாச்சல் வேணாம். கேன்சல் பண்ணிருவோம். ஊருக்குப் போனதும் கோவிலுக்குப் போயி மறுபடி வேண்டிக்கோ. இனிமே எப்பவுமே பஸ்ல ஏறமாட்டேன்னு.”

ஐந்து மாதமாக கமலா எதற்கு ஏங்கினாளோ, அது அப்படியே மடியில் வந்து விழுந்தது. பயணம் கிடையாது. இனி ஆயுசுக்கும் பஸ் கிடையாது. பொய்யும் பத்திரம். ஒரு தலையசைப்புப் போதும்.

அவள் தலையை அசைக்கத்தான் போனாள். முத்தையா அருவியைப் பார்த்தபடி இன்னொன்றும் சொன்னார். “எனக்குத் தெரியும் கமலா. நான் என்ன பெரிய டிரைவரா? சும்மா ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ்வளவுதான்.”

கமலாவுக்குச் சுரீர் என்று வந்தது. விடியற்காலை மூன்றே முக்காலுக்கு எழுந்து குளித்தது யார்? மறுநாள் வேலை என்றால் நண்பன் கல்யாணத்தில்கூட ஒரு கிளாஸ் தொடாமல் வந்தது யார்? மகள் பிறந்த வாரத்தில் தூக்கம் கெட்டுவிட்டதென்று தானே போய் விடுப்பு கேட்டு நின்றது யார்? அத்தனையையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள். பார்த்துக்கொண்டே அத்தனைக்கும் தன் பெயரில் மாலை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அவமானமாக இருந்தது.

“வேண்டுதலே கிடையாதுங்க,” என்றாள்.

“என்ன?”

“நான் எந்தக் கோவிலுக்கும் போயி வேண்டிக்கலை. எனக்கு பஸ்ல ஏறினா வாந்தி வரும். சின்னப் புள்ளையிலேருந்து. நீங்க ஆசையாக் கூப்பிட்டீங்களா, சொல்ல வாய் வரலை. பொய் சொல்லிட்டேன். அந்த தனுஷிகா புள்ளையையும் நாளைக்கே பஸ்ல ஏறச் சொல்லிருங்க, எனக்குத் தாங்கலை.”

முத்தையா அவளுடைய கைப்பையைப் பார்த்தார். மடித்த பைகள், தைலக் குப்பி, மாத்திரை அட்டை. அவர் கோபப்பட்டால் பரவாயில்லை, ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று கமலா பயந்தாள்.

“அப்போ தோ பாயோவுல அந்தப் புள்ளை?” என்று கேட்டார்.

“பிரேக்கை மிதிச்சது உங்க காலுங்க. அந்த நேரத்துல நான் வீட்டுல மீன் பொரிச்சுக்கிட்டிருந்தேன்.”

“பான் ஐலண்ட் ரோட்டுல மழையில லாரி சறுக்கிக்கிட்டு வந்துச்சே?”

“நீங்கதான் ஒதுக்குனீங்க.”

“முன் டயர் வெடிச்சப்போ? பஸ் நிறைய ஆளு. யாருக்கும் ஒரு கீறல் இல்லையே?”

“நீங்கதாங்க. எல்லாமே நீங்கதான்.”

அவர் இன்னும் கேட்டார். கமலா மறந்துபோனதெல்லாம் கேட்டார், அவளுக்குச் சொல்லாமலே வைத்திருந்ததும் இரண்டு மூன்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் அதே பதிலைச் சொன்னாள். கேட்டு முடித்துவிட்டு எழுந்து போய் அருவிப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது. கமலா போய்த் தொடவில்லை. அது அவருடைய முப்பத்தோரு வருடம், அவர் தனியாகவே வாங்கிக்கொள்ளட்டும் என்று நின்றாள்.

பஸ் ஹாரன் அடித்தது. முத்தையா முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார்.

“பொய்க்காரி,” என்றார்.

“ஆமாங்க.”

“முப்பத்தோரு வருஷம் என் பஸ்ல உனக்காக ஒரு சீட்டைப் பாத்துக்கிட்டே ஓட்டியிருக்கேன்.”

அவர் கையை நீட்டினார், அவள் பிடித்துக்கொண்டாள். இருவருமாகப் பஸ்ஸை நோக்கி நடந்தார்கள்.

ஓட்டுநர், ஈப்போக்காரத் தமிழ்ப் பையன், படியருகே நின்று கவலையோடு பார்த்தான். “அங்கிள், ஓகேவா? இன்னும் வளைவு நிறைய இருக்கு. முடியலைன்னா சொல்லுங்க, மெதுவாப் போறேன்.”

“நீங்க உங்க ஸ்பீடுல ஓட்டுங்க தம்பி,” என்றார் முத்தையா. ஒரு படி ஏறி நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “நானும் டிரைவர்தான்.” இன்னொரு படி ஏறினார். “நல்ல டிரைவர்.”

இத்தனை வருடத்தில் தன்னைப் பற்றி அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லி கமலா கேட்டதே இல்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னால் ஏறினாள்.